விண்ணப்பதாரருக்கு ஆர்வமில்லை

(தொழில்முனைவோர் பயிற்சித் திட்டங்கள் குறித்துச் செங்கல்பட்டில் நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை எழுதறவனைக் கூப்பிட்டு கடன் பத்திப் பேசச் சொல்லியிருக்கீங்க. கவிதைக் கூட்டத்துக்குப் போனா 'இவரு பேங்க்காரரு'ன்னு ஓரமா உட்கார வைக்கிறாங்க. பேங்க்ல 'கவிதை எழுதற ஆளு, கணக்குல புத்தி நிக்காது'ன்னு மேனேஜர் சொல்றாரு. இன்னைக்குத்தான் ரெண்டு பேரையும் ஒரே நாற்காலியில உட்கார வச்சிருக்கீங்க.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் எழுத்தர். எந்த வங்கி, எந்தக் கிளை என்று சொல்லப் போவதில்லை. பயம் பாதி. எல்லாக் கிளையிலும் இதுதான் நடக்கிறது என்பது மீதி.

2022 கடைசியில் எங்கள் வட்டாரத்தில் பத்து நாள் தொழில்முனைவோர் பயிற்சி நடந்தது. 'வங்கி நடைமுறைகள்' என்று அதில் ஒரு மணி நேர வகுப்பு. மேனேஜர் போகணும். அவருக்கு அன்று வாராக்கடன் கூட்டம், அதனால் என்னை அனுப்பினார். நான் சீக்கிரமே போய்விட்டேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முதல் வகுப்பு என்னவென்று பார்த்தேன். ஒரு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது.

தரையில் ஒரு முளைக்குச்சி. அதற்கு முன்னால் சாக்பீஸால் ஒரு அடி, இரண்டு அடி என்று கோடுகள். கையில் வளையம் கொடுப்பார்கள். எந்தக் கோட்டில் நின்று போடுவது என்று அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். எங்க ஊர் ஆடித் திருவிழாவுல சோப்பு டப்பா மேல வளையம் போடற ஆட்டம் இருக்குதே, அதேதான். அங்க காசு கட்டணும், இங்க மார்க் போடறாங்க. எல்லோரும் போட்டு முடித்ததும் பயிற்சியாளர் விளக்கம் சொன்னார். குச்சியை ஒட்டி நின்று போட்டவன் தோல்விக்குப் பயந்தவன். கடைசிக் கோட்டில் நின்று வீசியவன் சூதாடி. நடுவில் நின்று, முடியுமா முடியாதா என்று கணக்குப் போட்டு வீசியவன்தான் தொழில்முனைவோன்.

காலனியிலிருந்து வந்த ஒரு தம்பி குச்சிக்கு ஒட்டி நின்றிருந்தான். மூன்றும் விழுந்தது. பயிற்சியாளர் கேட்டார்: "ஏன்ப்பா, இவ்வளவு பயமா உனக்கு?" அவன் சொன்னான்: "கடன்ல வாங்கின வளையம்னு நெனைச்சிக்கிட்டேன் சார்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

இந்த வளையம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். டேவிட் மெக்லெலண்ட் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர். சில நாடுகள் முன்னேறுவதற்கும் சில பின்தங்குவதற்கும் காரணம் மனிதர்களின் மனதில் இருக்கும் 'சாதனை உந்துதல்' என்று 1961-ல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அந்த உந்துதலைப் பயிற்சியால் ஊட்ட முடியுமா என்று பார்க்க 1964-ல் ஆந்திராவின் காக்கிநாடாவைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஊர் வியாபாரிகளை ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சிக்குப் பிறகு அவர்கள் தொழிலை விரிவுபடுத்தினார்கள், முன்பைவிட அதிகம் பேரை வேலைக்கு வைத்தார்கள் என்று 1969-ல் இன்னொரு புத்தகம் வந்தது. அந்த வித்துதான் நம் நாட்டில் முளைத்துப் பரவியது. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் கிராமத்து இளைஞர்களுக்கான பயிற்சி நிலையம், 1983-ல் அகமதாபாத்தில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம், 2001-ல் சென்னையில் நம் மாநில நிறுவனம் என்று வரிசையாக வந்தன. வளையமும் கூடவே வந்தது.

காக்கிநாடாவில் பயிற்சிக்கு வந்தவர்கள் யார்? ஏற்கெனவே வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களுக்குக் கல்லாப்பெட்டி இருந்தது, சரக்குக் கொடுக்க ஆள் இருந்தது, வாங்க ஊர் இருந்தது. இத்தனையும் கையில் இருக்கிறவனுக்கு மனசைக் கொஞ்சம் தட்டிவிட்டால் ஓடுவான், சரி. இது ஒன்றுமே இல்லாதவனையும் அதே நாற்காலியில் உட்கார வைத்து, அதே வளையத்தைக் கையில் கொடுத்து, குறை உன் மனசுக்குள்ளதான் இருக்குது என்று சொல்வதற்கு என்ன பேர்? சேரிக்காரன் சோம்பேறி, குடிகாரன், முன்னுக்கு வரணும்னு எண்ணமே இல்லாதவன் என்று ஊர்த்தெருத் திண்ணையில் காலங்காலமாகச் சொல்லி வந்ததுதான். அதை உளவியல் பாஷையில், டீயும் பிஸ்கட்டும் கொடுத்துச் சொல்கிறார்கள். பயிற்சியாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது அப்படித்தான் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தம்பி அடுத்த மாதமே எங்கள் கிளைக்கு வந்தான். இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிற தொழில். நல்ல யோசனை. சாயங்காலம் வேலை முடிந்து வரும் பெண்கள் இப்போது கிராமத்திலும் மாவு வாங்குகிறார்கள். பெரிய கிரைண்டர், பாக்கெட் ஒட்டும் மெஷின், குளிர்பெட்டி, ஒரு பழைய டெலிவரி வண்டி எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய்த் திட்டம். 2008-ல் வந்த பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மனு. கிராமத்துப் பட்டியல் சாதி விண்ணப்பதாரர் என்பதால் சொந்தப் பணம் 5 சதவீதம், அதாவது 30 ஆயிரம். மானியம் 35 சதவீதம், 2 லட்சத்து 10 ஆயிரம். அந்த மானியத்தைக் கையில் தர மாட்டார்கள் தோழர்களே, இதை நிறைய பேர் தெரியாமல் ஏமாறுகிறார்கள். மூன்று வருடம் வங்கியில் வைப்பாக வைத்திருந்து, தொழில் நடப்பதைச் சரிபார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். மானியம் வாங்கித் தர்றேன்னு முன்பணம் கேட்டு எவனாவது வந்தா, அவன் தரகன்.

பயிற்சிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டு வந்திருந்தான். மெஷினுக்கு விலைப்புள்ளி இருந்தது. சாதிச் சான்று, ஆதார், பான், எல்லாம் இருந்தது. ஒன்று இல்லை. தொழில் நடத்தும் இடத்துக்கான வாடகை ஒப்பந்தம்.

ஊர்த்தெருவில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை காலியாக இருந்தது. மும்முனை மின்சாரமும் இருந்தது. அதன் உரிமையாளரை எனக்கும் தெரியும், எங்க கிளையிலதான் கணக்கு. தன்மையான மனுஷன். அவர் அந்தத் தம்பியிடம் சொன்னாராம்: "தப்பா நெனைச்சிக்காத தம்பி. எனக்கு ஒண்ணுமில்ல, நான் அதெல்லாம் பாக்கறவனில்ல. செல்போன் கடை வைக்கிறேன்னு சொல்லு, நாளைக்கே சாவி தர்றேன். மாவுன்னா நீ கை வச்சு அரைக்கணும். இங்க எவன் வாங்குவான்? உனக்குத்தான நஷ்டம்."

கவனியுங்கள், அவர் மறுக்கவில்லை. அக்கறைப்பட்டார். தீண்டாமை இப்போது பல இடத்தில் அக்கறையாகத்தான் பேசுகிறது.

சரி, காலனியிலேயே வைப்பா என்றார் மேனேஜர். அவருக்கு அது சுலபமான வழியாகத் தெரிந்தது. காலனியில் அவன் வீடு அரசு கொடுத்த மூணு சென்ட் மனையில் இருக்கிறது. ஒரு ரூம், ஒரு நடை. அம்மா, தங்கச்சி, பாட்டி. கிரைண்டரை அங்கே வைத்தால் ஆட்கள் வெளியே படுக்கணும். அதையும் சமாளிக்கிறேன்னான். மாவைக் கடைகளுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் மளிகைக் கடைகளில் கேட்டுப் பார்த்தான். இரண்டு கடையில் சரி என்றார்கள். அப்புறம் "மாவு எங்கிருந்துப்பா வருது?" என்று கேட்டார்கள். அதோடு முடிந்தது.

பயிற்சியின்போது அவனிடம் ஒரு படிவம் நிரப்பி வாங்கியிருந்தார்கள். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம். அதை நான் கோப்பில் பார்த்தேன். பலம்: கடின உழைப்பு. பலவீனம்: முதலீடு குறைவு. வாய்ப்பு: சுற்றுவட்டாரத்தில் இத்தனை வீடுகள். அச்சுறுத்தல்: மின்வெட்டு, போட்டி. பத்து நாள் பயிற்சியில் 'சாதி' என்ற சொல்லை எழுத ஒரு கட்டமும் இல்லை. இவனும் எழுதவில்லை. எழுதியிருந்தால் மட்டும் என்ன, 'எதிர்மறைச் சிந்தனை' என்று அதற்கும் மார்க் குறைத்திருப்பார்கள்.

மூன்று மாதம் போனது. நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்களை முடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். ஒரு மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் காரணங்களின் பட்டியல் ஒன்று விரியும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். ஆவணங்கள் முழுமையாக இல்லை, தொழில் சாத்தியமில்லை, சேவைப் பகுதிக்கு வெளியே உள்ளவர் என்று போகும். 'கடைக்காரர் இடம் தரவில்லை' என்று இல்லை. 'கையால் அரைத்ததை வாங்க மாட்டார்கள்' என்று இல்லை. மேனேஜர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஆளையே காணோமே. ஆர்வமில்லைன்னு போட்டு முடிங்க."

நான்தான் அழுத்தினேன். விண்ணப்பதாரருக்கு ஆர்வமில்லை. ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம், நம்பர் கோப்பிலேயே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம், எனக்குப் பசி. மெக்லெலண்ட் காக்கிநாடாவில் தொடங்கியதை நான் எங்கள் கிளையில் முடித்து வைத்தேன். முதல் நாள் வளையத்தில் உந்துதல் இல்லை என்று மார்க் போட்டார்கள், கடைசி நாள் கம்ப்யூட்டரில் ஆர்வமில்லை என்று நான் போட்டேன்.

அந்தத் தம்பி இப்போது ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. வழியில பார்த்தா "அண்ணே"ன்னு வண்டிய நிறுத்திப் பேசறான். கடனைப் பத்தி மட்டும் கேக்கறதில்ல.

இங்கே பாபாசாகேப் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம் சொல்லணும். 1917-ல் அவர் வெளிநாட்டிலிருந்து திரும்பினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர், லண்டனில் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர். பரோடாவில் தங்க ஒரு அறை கிடைக்காமல் துரத்தப்பட்டது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பம்பாயில் பங்குச் சந்தை வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனம் தொடங்கினார். முதலில் ஆட்கள் வந்தார்கள். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வருவது நின்றது. நிறுவனத்தை மூடினார். 1918 நவம்பரில் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். அவருக்கு எந்தப் பயிற்சி குறைவு? எந்த உந்துதல் குறைவு? ஆலோசனை என்பது தொட்டு அரைக்கிற மாவுகூட இல்லை, வாயால் சொல்வது. அதையே வாங்க மாட்டேன் என்றார்கள். நம்ம ஆட்கள் தோற்ற வியாபாரங்களின் கணக்கை யாராவது எழுதினால் முதல் வரியில் அண்ணலின் கம்பெனி வரணும். 2023-ல் தமிழ்நாடு அரசு அவர் பெயரில் 'அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்' கொண்டுவந்தது. ஒன்றரைக் கோடி உச்சவரம்புக்குள் 35 சதவீதம் மூலதன மானியம், 6 சதவீதம் வட்டி மானியம். நல்ல திட்டம், நம்ம ஆட்கள் கேட்டு வாங்கணும். ஆனால் அந்தக் கோப்பும் எங்கள் மேசைக்குத்தான் வந்தாகணும்.

ஒரு கேள்வி எப்போதும் வரும். எங்க கிளையிலயே கேக்கறாங்க. "நாடார்களும் ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவர்கள்தானே, அவங்க வரலையா?" வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று பார்ப்போம். அவர்களைக் கோயிலுக்குள் விடவில்லை, 1899-ல் சிவகாசியில் வீடு புகுந்து தாக்கினார்கள், எல்லாம் உண்மை. ஆனால் அவர்களின் கருப்பட்டியை ஊர் வாங்கியது. அந்த வியாபாரத்துக்கு அவர்களே பேட்டைகளை ஏற்படுத்திக்கொண்டார்கள். சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்து, உறவின்முறை மூலமாகப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியே தொடங்கினார்கள், அதுதான் 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பையன் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்ப் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, கைமாத்துக் கணக்கிலிருந்து வட்டிக் கணக்குவரை கற்று, அடுத்தாளாகி, ஏஜெண்டானான். அவனுக்கு யாரும் வளையம் கொடுக்கவில்லை. கடையைக் கொடுத்தார்கள். தப்புப் பண்ணினால் திட்டினார்கள், கடையைப் பிடுங்கவில்லை. வியாபாரப் பயிற்சி என்பது அதுதான். மூணு வருஷம் ஒரு கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, 'இவன் இன்னார் பையன், சரக்கைக் கொடு, பணம் பிறகு வரும்' என்று சொல்ல நாலு பேர் இருப்பது. சேரியிலிருந்து போகும் பையனை மளிகைக் கடையில் மூட்டை தூக்க வைப்பார்கள். கல்லாவில் வைக்க மாட்டார்கள்.

அடுத்தது பிணை. சிறுதொழிலுக்குப் பத்து லட்சம் வரை பிணை கேட்கக்கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி ஆணை போட்டுவிட்டது. காகிதத்தில் நாங்கள் கேட்பதில்லை. வாயால் கேட்கிறோம். "அப்பா பேர்ல நிலம் கிலம் எதுவும் இருக்குதாப்பா?" நிலம் இருந்தது சார். 1891-ல் இதே செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதி அனுப்பிய அறிக்கைக்குப் பிறகு கொடுத்த பஞ்சமி நிலம். அது இன்று யார் யார் கையில் இருக்கிறது என்று பத்திரப் பதிவு அலுவலகத்துக்குத் தெரியும். அந்த நிலத்தைக் கேட்டு 1994-ல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். அந்தப் பிணை எந்த வங்கியின் பெட்டியில் ஏறியிருக்கிறது என்று கேட்டால் எங்கள் மேனேஜர் 'அரசியல் பேசாதீங்க' என்பார்.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 2016 ஏப்ரலில் ஸ்டாண்ட்-அப் இந்தியா திட்டம் வந்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்கும், பெண் ஒருவருக்கும் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை கடன் தரவேண்டும். நாட்டில் ஒன்றேகால் லட்சம் கிளைகள். ஏழு வருடம் முடிந்து 2023 மார்ச்சில் கொடுத்த மொத்தக் கடன்கள் 1,80,636. அதில் பட்டியல் சாதியினர் 26,889 பேர், பழங்குடியினர் 8,960 பேர். இரண்டையும் சேர்த்தாலும் மூன்று கிளைக்கு ஒருத்தர் வருவது கஷ்டம். அதுவும் வருடத்துக்கு இல்லை, ஏழு வருடத்துக்கு. 2025 மார்ச்சோடு திட்டத்தின் காலம் முடிந்தது. கடன் தராத கிளைகளில் எத்தனை பேருக்கு 'உந்துதல் பயிற்சி' கொடுத்தார்கள்? ஒருநாள் எங்கள் மண்டல மேலாளரை முளைக்குச்சிக்கு முன்னால் நிற்க வைத்து, எந்தக் கோட்டில் நிற்கிறார் என்று பார்க்கணும் என்று எனக்கு ஆசை.

நம்ம பெண்களுக்கு என்ன பயிற்சி தருகிறார்கள் என்று பாருங்கள். ஃபினாயில், சோப்பு ஆயில், மெழுகுவர்த்தி. ஊர்த்தெருவுப் பெண்களுக்குக் கேக் செய்யவும் ஆரி வேலையும் சொல்லிக்கொடுத்த அதே பயிற்சி மையம், காலனிக்கு வரும்போது ஃபினாயில் டப்பாவோடு வந்தது. எங்க சின்னம்மா போயிட்டு வந்து சொன்னாங்க: "நாத்தத்தக் கழுவற சாமான நாமதான் செய்யணும்னு அங்கயும் எழுதி வச்சிருக்கான்டா." அவங்க பயிற்சியில செஞ்ச ரெண்டு பாட்டில் இன்னும் எங்க வீட்டுல இருக்குது.

இங்கே இருக்கிற சில தோழர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. 1938-ல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பாபாசாகேப் பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் எதிரி என்றார். நீ என்னடா என்றால் தலித்துகளைக் கடை வைக்கச் சொல்கிறாய். 2005-ல் பூனாவில் தலித் தொழில் வர்த்தக சபை தொடங்கியபோதே இந்த விவாதம் வந்தது. பத்துப் பேர் கோடீஸ்வரர் ஆனால் சேரிக்கு என்ன என்று நானும் கேட்டிருக்கிறேன். இன்றும் அந்தச் சந்தேகம் போகவில்லை. ஆனால் ஒரு மாவுக்கடை முதலாளித்துவம் இல்லை தோழர். ஊர்க்காரர் நிலத்தில் கூலிக்குப் போகாமல், தகராறு வந்தால் 'நாளையிலிருந்து வேலைக்கு வராதே' என்று சொல்ல முடியாத ஒரு பிழைப்பு, அவ்வளவுதான். ஊர்க் கட்டுப்பாடு போட்டு வேலையை நிறுத்திய கிராமங்களில் இருந்தவர்களைக் கேளுங்கள், ஒரு பெட்டிக்கடைக்கு என்ன அர்த்தம் என்று சொல்வார்கள்.

பயிற்சியே வேண்டாமா? வேணும். ஜி.எஸ்.டி. போடத் தெரியணும், விலை நிர்ணயிக்கத் தெரியணும், பற்றுவரவு எழுதணும். அதுக்கு மூணு நாள் போதும். மிச்ச ஏழு நாளை, ஏன் ஆறு மாதத்தையே, உதவித்தொகை கொடுத்து ஓடுகிற தொழிலில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கட்டும். இடத்தை அரசு கொடுக்கட்டும். பஸ் நிலையக் கடை, தொழிற்பேட்டைக் கொட்டகை இதிலெல்லாம் நம்ம பங்கு எவ்வளவு, யார் பேரில் ஏலம் எடுத்து யார் நடத்துகிறார்கள் என்று பட்டியல் கேட்போம். வாங்குகிறவனையும் அரசே கொடுக்கட்டும். மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் தொழில்களிடம் வாங்கணும் என்று 2012-ல் ஆணை இருக்கிறது. முதல் பத்து வருடத்தில் அந்த நாலை எட்டவே இல்லை. அந்தத் தம்பியின் மாவை ஊர் வாங்கவில்லை என்றால் விடுதி வாங்கலாம், ஆஸ்பத்திரி வாங்கலாம். தினமும் இட்லி போடுகிற சமையல்கட்டுகள் அரசாங்கத்திடம் எத்தனை இருக்கின்றன!

இதெல்லாம் வரும்வரைக்கும் ஒரு சின்ன வேலை. எங்கள் கிளையிலும் பக்கத்துக் கிளைகளிலும் இருக்கிற நம்ம எழுத்தர்கள் மூணு பேர் பேசி வச்சிருக்கோம். ஞாயிற்றுக்கிழமை காலையில், இதே மண்டபத்துக்குப் பின்னாடி இருக்கிற நூலக அறையில் உட்கார்றோம். கடன் மனு யாருக்கு எங்க நின்னு போச்சோ அவங்க வாங்க. மனு நம்பர், வங்கி திருப்பி அனுப்பின கடிதம், அது இல்லேன்னா போன்ல வந்த மெசேஜ், இது போதும். என்ன காரணம் போட்டிருக்காங்கன்னு முதல்ல பார்ப்போம். 'ஆர்வமில்லை'ன்னு போட்டிருந்தா அதைத் தனியா எடுத்து வைப்போம், மறுபடி மனு போட என்ன வழின்னு எழுதித் தர்றோம். அந்தத் தம்பிக்கும் நேத்து போன் பண்ணினேன். எடுக்கலை. ஷிப்டுல இருப்பான், ராத்திரி மறுபடி பண்ணணும்.